சோலார் கூரை மட்டும் போதுமா?

கூரையில் சோலார் பேனல் உள்ள மின்சார காருக்கு சார்ஜரே தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். தினமும் சில கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அது நடக்கலாம். வழக்கமான ஓட்டத்துக்குப் போதாது.

நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். கூரையை டேப் வைத்து அளந்தால் பெரும்பாலும் 2 சதுர மீட்டர் அளவில்தான் இருக்கும். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட். பேனலின் திறன் 22% என்றால் 440 வாட். 5 மணி நேர முழு வெயிலுக்கு 2.2 யூனிட். பேனல் சூடாவது, தூசி, சாய்த்து வைக்க முடியாதது, மின்மாற்ற இழப்பு எல்லாம் போக 1.6 யூனிட் மிஞ்சினால் நல்லது. நிழலில் நிறுத்தினால் அதுவும் இல்லை. 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் இழுக்கும் காருக்கு இது 11 கிலோமீட்டர்கூட வராது. உங்கள் காரின் மின்செலவு டாஷ்போர்டிலேயே தெரியும், அதை வைத்து வகுத்துப் பாருங்கள்.