பதினாறாம் வாய்ப்பாடு யாருக்கு?

யு.கே.ஜி. குழந்தை 16ஆம் வாய்ப்பாடு வரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு லைக் போடக் கை வருவதில்லை. அதே குழந்தையிடம் நடுவில் பிடித்து "ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு..." என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும். பாதியில் குறுக்கிட்டால் மறுபடியும் ஓரெட்டு. பாட்டு தெரிகிறது, பெருக்கல் தெரியவில்லை.

அதுவும் ஏன் 16 வரை? ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் கடைக்குப் போகிறவருக்கு அது வேண்டியிருந்தது. 1957இல் நயா பைசா வந்துவிட்டது. வாய்ப்பாட்டுப் புத்தகத்துக்கு மட்டும் இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

மனப்பாடமே கூடாது என்று சொல்ல வரவில்லை. பெருக்கல் நாக்கில் நிற்காத பிள்ளை, வகுத்தலும் பின்னமும் வந்ததும் திணறித்தான் போகும். ஆனால் அடுக்கிப் பார்ப்பது முதலில், ஒப்பிப்பது அப்புறம்.

அரசுப் பள்ளியில் இதற்குக் காசு போட்டு எதுவும் வாங்க வேண்டாம். சத்துணவுக் கூடத்தில் முட்டை அட்டை இருக்கும். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு குழி, மொத்தம் முப்பது. அட்டையைப் பக்கவாட்டில் திருப்பினால் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து. குழி ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. பிள்ளைகள் நம்பாமல் திரும்ப எண்ணுவார்கள். எண்ணட்டும், அவசரப்படுத்தாதீர்கள். ஏழெட்டும் எட்டேழும் ஒன்றுதான் என்பது அந்த எண்ணிக்கையில்தான் மனதில் ஏறும்.

இது ஏறிவிட்டால் சுமை பாதியாகிறது. பத்தாம் வாய்ப்பாடு வரை மொத்தம் 100 வரி. ஒன்று, பத்துக்குப் படிப்பே வேண்டாம். இரண்டு வெறும் கூட்டல், ஐந்து தானாக வரும். இவற்றைத் தள்ளி, திரும்பத் திரும்ப வருவதையும் கழித்தால் மிச்சம் 21தான். இந்த 21ஐ வரிசை மாற்றி மாற்றிக் கேளுங்கள், போதும்.

அடுத்த தொல்லை ஈரிலக்கப் பெருக்கல். 23ஐ 14ஆல் பெருக்கும்போது, இரண்டாவது வரியில் ஒன்றாம் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்கிறோம். ஏன் என்று சொல்வதில்லை. 14இல் முதலில் நிற்பது ஒன்று அல்ல, பத்து. எனவே வருவது 23 அல்ல, 230. காரணம் தெரியாத பிள்ளை குறியை மறந்து 92உடன் 23ஐக் கூட்டி 115 என்று எழுதிவிட்டுப் போய்விடும். காரணம் தெரிந்த பிள்ளைக்கும் கை தவறலாம். ஆனால் அது விடையைப் பார்த்து, "23ஐப் பத்தால் பெருக்கினாலே 230 ஆச்சே, 115 எப்படி வரும்?" என்று அழித்துவிட்டு மறுபடி போடும்.