ரப்பர் அடி வைஸ் எந்த மேசையிலும் நிற்குமா?

உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் அடியுள்ள சிறிய வைஸ் (வேலை செய்யும் பொருளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கருவி) எந்த மேசையிலும் உறுதியாக நிற்கும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வழவழப்பான, காற்றுப் புகாத பரப்பில் மட்டுமே அது நிற்கும். நெம்புகோலைத் தள்ளியதும் ரப்பருக்கு அடியில் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று, சதுர சென்டிமீட்டருக்கு அதிகபட்சம் ஏறக்குறைய 1 கிலோ எடையளவு, மேலிருந்து அழுத்துகிறது. பிடிப்பு என்பது அவ்வளவுதான். மரத்தின் ரேகை வழியே காற்று கசிந்தால் அதுவும் போய்விடும். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளில் கிடக்கும் பாலிஷ் தேய்ந்த பலாமர மேசைகளை நினைத்துப் பாருங்கள்!

நீங்களே சோதிக்கலாம். சமையலறை கிரானைட் மேடையை ஈரத்துணியால் துடைத்து வைஸைப் பொருத்துங்கள். அரை மணி கழித்து, வைஸில் பொருளைக் கவ்வும் தாடையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுங்கள். பிறகு இதையே மரமேசையில் செய்யுங்கள். அங்கே கழன்றுவந்தால், மேசை விளிம்பில் திருகிப் பிடிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.