தலைமை ஆசிரியருக்கு ஒரு வாரப் பயிற்சி அளித்தால் பள்ளி நிமிர்ந்துவிடுமா?

பின்தங்கிய அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு ஒரு வாரம் பயிற்சி அளித்தால் ஓராண்டிலேயே தேர்ச்சி இரட்டிப்பாகும் என்றும், அமெரிக்காவில் இது நிரூபிக்கப்பட்டுவிட்டது என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு.

ஹூஸ்டன் நகர அரசுப் பள்ளிகளில் பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் நடத்திய பரிசோதனையில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்குப் பாடத் திட்டமிடல், மாணவர் மதிப்பெண் தரவுகளைக் கொண்டு கற்பித்தலைத் திருத்துதல், வகுப்பறையை நேரில் கவனித்து ஆசிரியருக்கு வழிகாட்டுதல் ஆகியவற்றில் இரண்டு ஆண்டுகளில் 300 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. முதல் ஆண்டில் மாணவர்களின் கற்றல் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. இரண்டாம் ஆண்டிலோ புள்ளியியல் நோக்கில் உறுதியான விளைவு எதுவும் தென்படவில்லை. பரவும் செய்தி இந்தப் பாதியை வசதியாக விட்டுவிடுகிறது.

தலைமை ஆசிரியரை மாற்றினாலே போதும் என்ற அதன் இன்னொரு வரியும் நிற்காது. ஒபாமா ஆட்சிக்காலத்தில் பெருமளவில் விரிவாக்கப்பட்ட, பின்தங்கிய பள்ளிகளுக்கு அமெரிக்க அரசு நிதி அளித்த பள்ளி மேம்பாட்டு மானியத் திட்டம் அனுமதித்த நான்கு சீரமைப்பு வழிமுறைகளில் இரண்டு, தலைமை ஆசிரியரை மாற்றுவதைக் கட்டாயமாக்கின. ஆயினும் அந்த வழிமுறைகளுக்கான மானியத்தால் தேர்வு மதிப்பெண்ணிலோ பள்ளிப்படிப்பை முடிப்போர் விகிதத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை என்று 2017-இல் வெளியான அரசு மதிப்பீடு தெரிவித்தது.

இதனால் தலைமை ஆசிரியர் முக்கியமில்லை என்று பொருள் கொள்வதும் பிழையே. நூறு தலைமை ஆசிரியர்களைத் திறன் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 25-ஆம் இடத்தில் இருப்பவருக்குப் பதிலாக 75-ஆம் இடத்தில் இருப்பவர் வந்தால், மாணவர்கள் ஆண்டுக்குச் சுமார் மூன்று மாதக் கற்றலைக் கூடுதலாகப் பெறுகின்றனர் என்று அமெரிக்காவின் வாலஸ் அறக்கட்டளைக்காக 2021-இல் தயாரிக்கப்பட்ட ஆய்வுத் தொகுப்பு கணித்துள்ளது. மூன்று மாதம் சிறிதல்ல. ஆனால் அது இரட்டிப்பும் அல்ல.