1952 டாப்ஸ் மேன்டில் பற்றி ஒரு திருத்தம்

மிக்கி மேன்டில் அமெரிக்க பேஸ்பால் வீரர்; டாப்ஸ், வீரர்களின் படம் போட்ட சேகரிப்பு அட்டைகளை வெளியிடும் நிறுவனம். "மிக்கி மேன்டிலின் முதல் அட்டை 1952 டாப்ஸ். அந்தத் தொகுப்பிலேயே குறைவாக அச்சானதும் அதுதான். அதனால்தான் 2022-இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது" என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். விலை சரி. சொன்ன காரணங்கள் இரண்டுமே தவறு.

மேன்டிலின் முதல் அட்டை, போமன் என்ற இன்னொரு நிறுவனத்தின் 1951 அட்டை, எண் 253. கையில் மட்டையோடு நிற்கும், வண்ணம் தீட்டிய சின்ன அட்டை. டாப்ஸ் அட்டை அதற்கு அடுத்த வருடம்தான் வந்தது.

குறைவாக அச்சானது என்பதும் இல்லை. அந்தத் தொகுப்பின் கடைசிப் பகுதி 311-இல் தொடங்கி 407-இல் முடியும். அதில் 311 மேன்டில், 312 ஜாக்கி ராபின்சன், 313 பாபி தாம்சன். இந்த மூன்றும், பல அட்டைகளைச் சேர்த்து அச்சிடும் பெரிய தாளில் இரண்டு முறை இடம்பெற்றவை. அதே பகுதியின் மற்ற அட்டைகளைவிட இருமடங்கு அச்சானவை! பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்: எண்ணைச் சுற்றியுள்ள பந்துப் படத்தின் தையல், சில பிரதிகளில் ஒரு பக்கமும் மற்றவற்றில் எதிர்ப்பக்கமும் பார்க்கும். இரண்டு அச்சுக்கும் அதுவே சாட்சி.

அந்தப் பகுதி முழுவதுமே தாமதமாகக் கடைக்கு வந்து தேங்கிப்போனது. மிஞ்சிய பெட்டிகளை 1960-இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே பின்னாளில் சொன்னார். அப்புறம், அந்த ஏலப் பிரதி, அட்டைகளின் நிலையைப் பார்த்து மதிப்பெண் தரும் எஸ்.ஜி.சி. நிறுவனத்திடம் பத்துக்கு 9.5 பெற்றது. அந்தக் கோடிகள் மேன்டில் பெயருக்கும், மழுங்காத அந்த நான்கு முனைகளுக்கும் கொடுத்தவை.