பெட்டியில் 1/25, உள்ளே எந்த ஸ்கேலோ!

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி மாடல் கார் செய்யும் கிட் ஒன்றின் பெட்டி மேல் 1/25 (நிஜக் காரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு) என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தால், உள்ளே இருப்பது 1/25 ஆக இருக்க வேண்டுமா, வேண்டாமா? இதைக் கேட்டால் நான் ஏதோ சண்டைக்காரன் மாதிரி பார்க்கிறார்கள். பாகங்களில் பிசிறு இருக்கட்டும், சீவிக்கொள்கிறேன். டீக்கால் (உடலில் ஒட்டும் படத்தாள்) மஞ்சள் பூத்திருக்கட்டும், வெயிலில் வைத்து வெளுத்துக்கொள்கிறேன். குரோம் பூச்சு திட்டுத் திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, ப்ளீச்சில் ஊறப்போட்டுக் கழற்றிவிட்டு மறுபடி பூசிக்கொள்கிறேன். இதெல்லாம் இந்தப் பொழுதுபோக்கோடு கூடப் பிறந்த தொல்லை. ஆனால் அந்த ஒரு எண்? அதுவும் பொய் என்றால் எதை நம்பி கத்தியைக் கையில் எடுப்பது?

விஷயத்துக்கு வருகிறேன். என் மேஜையில் இப்போது அரைகுறையாகக் கிடப்பது 1955-ம் வருடத்து லிங்கன் ஃப்யூச்சுரா. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஃபோர்டின் லிங்கன் பிரிவு கண்காட்சிக்கென்றே செய்த கான்செப்ட் கார். உடலை இத்தாலியின் டூரின் நகரில் கியா பட்டறையில் கையாலேயே அடித்துச் செய்தார்கள். கிட்டத்தட்ட 5.76 மீட்டர் நீளம். கூரைக்குப் பதில் ஓட்டுநருக்கு ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்று என்று கண்ணாடி போலத் தெளிந்த இரண்டு பிளாஸ்டிக் குமிழ்கள். பின்பக்கம் வெளிநோக்கிச் சாய்ந்த நீளமான துடுப்புகள். பின்னால் வரும் வண்டிகளின் சத்தத்தை உள்ளே கேட்கவைக்க, பின் மூடியின் மேல் வட்டமான ஆன்டெனாவுக்குள் ஒரு மைக்ரோஃபோன் வேறு. நீலம் கலந்த முத்து வெள்ளை நிறம்.

இந்தக் கார் இன்றைக்கும் இருக்கிறது, ஆனால் இல்லை. 1966-ல் தொலைக்காட்சியில் 'பேட்மேன்' தொடரில் ஓடிய பேட்மொபைல் இதே வண்டிதான். கார்களை வெட்டி ஒட்டி உருமாற்றுவதில் பேர்போன ஜார்ஜ் பாரிஸ் அதை வாங்கி, மூக்கை மாற்றி, சக்கர வளைவுகளைத் திறந்து, துடுப்புகளின் பின் ஓரத்தை வௌவால் இறக்கை போலக் குடைந்து, கறுப்படித்துவிட்டார். 2013-ல் அது 46 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. ஆக, போய் டேப் வைத்து அளந்து பார்க்க அசல் ஃப்யூச்சுரா கிடையாது. பழைய போட்டோக்களும் அன்றைக்கு வெளியிட்ட அளவுகளும்தான் ஆதாரம்.

ஐம்பதுகளிலேயே ரெவெல் கம்பெனி இதை கிட்டாகப் போட்டது. அந்தப் பழைய கிட் முழுசாகக் கிடைத்தால் சேகரிப்பாளர்கள் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூஜை செய்வார்கள். அதை வெட்டினால் பாவம் வேறு. பேட்மொபைல் கிட்களுக்கோ பஞ்சமே இல்லை. அதனால் என் திட்டம் எளிது: பாரிஸ் வெட்டியதை நான் ஒட்ட வேண்டும், அவர் ஒட்டியதை நான் வெட்ட வேண்டும். உடல் பேட்மொபைல் கிட்டிலிருந்து. தரைத்தட்டு, சேஸிஸ், இன்ஜின், இருக்கைகள் எல்லாம் அதே காலத்து அமெரிக்கப் பெரிய கார் ஒன்றின் கிட்டிலிருந்து. இரண்டு பெட்டியிலும் 1/25. கிட்பேஷிங் என்றால் இவ்வளவுதானே! இரண்டு கிட்டைக் கலைத்து மூன்றாவதாக ஒன்றைப் பிறக்கவைப்பது. அதற்கு ஒரே நிபந்தனை, இரண்டும் ஒரே ஸ்கேலில் இருக்க வேண்டும். வேறு எந்த நிபந்தனையும் கிடையாது!

ஃப்யூச்சுராவின் வீல்பேஸ் (முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவில் உள்ள தூரம்) 126 அங்குலம், அதாவது 3,200 மில்லிமீட்டர். நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த டோனர் காருக்கும் (பாகங்களைத் தானம் தரும் அந்த இரண்டாவது கிட்டின் கார்) நிஜத்தில் அதே வீல்பேஸ். 25-ஆல் வகுத்தால் 128 மி.மீ. பேட்மொபைல் உடலில் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை காலிப்பர் என்ற அளவுக்கருவியை வைத்தால் அழகாக 128. டோனர் சேஸிஸில் வைத்தால் 133-ஐத் தாண்டி நிற்கிறது. காலிப்பரைத் துடைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி வைத்தாலும் அதேதான். 3,200-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள், 133.3 வரும். அதாவது 1/24 சேஸிஸை 1/25 என்று எழுதிய பெட்டிக்குள் போட்டு விற்றிருக்கிறார்கள்.

சரி, முழுக்க 1/24 என்றாலாவது ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அதுவும் இல்லை. அகலத்தை அளந்தால் 1/25-க்கு ஒத்துவருகிறது. டயர்கள் இரண்டுக்கும் ஒத்துவரவில்லை, லாரிக்குப் போடலாம் போல. இருக்கைகளோ குழந்தைகளுக்குச் செய்தது மாதிரி இருக்கின்றன. நீளத்துக்கு ஒரு ஸ்கேல், அகலத்துக்கு ஒரு ஸ்கேல், உட்காருகிறவருக்கு இன்னொரு ஸ்கேல். வடிவமைத்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே மாட்டார்களா?

இங்கேதான் யாராவது ஒரு சாந்த சொரூபி வந்து, "நாலு சதவீதம்தானே வித்தியாசம், கண்ணுக்கா தெரியப்போகிறது?" என்பார். ஐயா, ஷெல்ஃபில் தனியாக நிற்கும் காருக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். 1/24 காரையும் 1/25 காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் நான் பக்கத்தில் நிறுத்தவில்லை, ஒன்றுக்குள் ஒன்றைத் திணிக்கிறேன்! அந்த நாலு சதவீதம் வீல்பேஸில் 5 மில்லிமீட்டர். முழு நீளத்தில் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர். முன் சக்கரத்தை வளைவின் நடுவில் நிறுத்தினால் பின் சக்கரம் வளைவின் ஓரத்தில் போய் இடிக்கிறது. ஃப்யூச்சுராவில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அதன் சக்கர வளைவுகள் தாழ்ந்து வந்து டயரைப் பாதி மறைப்பவை. கொஞ்சம் தள்ளிப்போனாலும் வண்டி காலை இழுத்து இழுத்து நடப்பது போலத் தெரியும்.

அப்புறம், அந்த நாலு சதவீதம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான். நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சேர்த்துப் பெருக்கினால் கன அளவில் 13 சதவீதம். 1/24 இன்ஜின் ஒன்று 1/25 இன்ஜினைவிட 13 சதவீதம் பருமன். அதை 1/25 பானட்டுக்குள் வைத்தால் மூடுமா? மூடாது. ஏர் கிளீனரைச் சீவினால் கார்புரேட்டர் முட்டும், கார்புரேட்டரைச் சீவினால் இன்ஜினே தரையைப் பார்த்து இறங்க வேண்டும், இறங்கினால் ஆயில் பேன் ரோட்டில் தேயும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகும் "பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்பவருக்கு என்ன பதில் சொல்ல?

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம், இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருப்பதும்தான். 1/24 என்பது ஓர் அடிக்கு அரை அங்குலம். அடிக்கோலோடு வளர்ந்தவர்களுக்கு இயல்பான கணக்கு. 1/25 அமெரிக்கக் கார் விற்பனையாளர்கள் ஷோரூமில் கொடுத்த விளம்பர மாடல்களின் அளவு. ஏஎம்டி போன்ற அமெரிக்கக் கிட் கம்பெனிகள் 1958 முதல் வருடா வருடம் அதே அளவில் கிட்கள் போட்டார்கள், அமெரிக்கக் கார் என்றால் 1/25 என்று ஆகிவிட்டது. மோனோகிராம் என்ற இன்னொரு கம்பெனி 1/24-ஐப் பிடித்துக்கொண்டது, ஜப்பானியர்களும் 1/24-க்குப் போனார்கள். இரண்டு கட்சி, இரண்டுக்கும் நியாயம் உண்டு. அதில் எனக்கு வழக்கே இல்லை. எந்தக் கட்சி என்று உண்மையைச் சொல், போதும்.

இதற்கும் முன்னால் ஒரு காலம் இருந்தது. பெட்டியின் அளவை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி கப்பலையும் விமானத்தையும் சுருக்கினார்கள். எந்த ஸ்கேல் என்று கேட்டால் 'பெட்டி ஸ்கேல்'. அந்தக் காலத்து ஆட்கள் பெட்டியில் ஸ்கேலைப் பெரிதாகத் தம்பட்டம் அடிக்கவும் இல்லை. உலகம் முழுக்க ராணுவ வண்டி செய்பவர்கள் வணங்கும் 1/35-கூட அப்படிப் பிறந்ததுதான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானியக் கிட் கம்பெனியான டமியா ஒரு பாந்தர் டாங்கியைச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று பார்த்து அளவை வைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டால் 1/35 வந்தது. அதை அவர்கள் மறைக்கவில்லை, அதையே பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவற்றையும் அந்த அளவில் செய்தார்கள். தற்செயலாக வந்த எண்ணுக்குக்கூட விசுவாசமாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கார்களில் அந்த மோட்டார் வியாதி இன்னும் விடவில்லை. எழுபதுகளின் ஜப்பானியக் கார் கிட்கள் பலவற்றில் மோட்டார் வைக்க இடம் விட்டிருப்பார்கள். தரைத்தட்டைப் பார்த்தால் இன்ஜினும் இருக்காது, கியர் பாக்ஸும் இருக்காது, பேட்டரிக்கு ஒரு தொட்டிதான் இருக்கும். அதே அச்சில் இன்றைக்கும் பாகங்களை வார்த்து, புதுப் படம் போட்ட பெட்டியில் அடைத்து விற்பது உண்டு. பெட்டி புதுசு, டீக்கால் புதுசு, உள்ளே தாத்தா காலத்துத் தொட்டி.

பாலிஸ்டைரீன் ஆறும்போது அரை சதவீதம்போலச் சுருங்கும், அது இயற்கை. அதை நான் குறை சொல்லவில்லை. 230 மில்லிமீட்டர் உடலில் ஒரு மில்லிமீட்டர் போவதை எந்த நியாயவானும் பொறுத்துக்கொள்வான். அச்சு செய்பவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஐந்து மில்லிமீட்டர் சுருங்கவில்லை, ஐந்து மில்லிமீட்டர் பொய் சொல்லியிருக்கிறார்கள்.

தயாரித்தவர்களுக்கு அளவுகளோடும் போட்டோக்களோடும் எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: தோற்றத்தின் அழகுக்காகச் சிறு மாற்றங்கள் செய்யப்பட்டிருக்கலாம், எங்கள் பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. தோற்றத்தின் அழகா? தரைத்தட்டு வண்டிக்கு அடியில் இருக்கிறது! அதை யார் குனிந்து பார்த்து அழகு சொல்லப்போகிறார்கள்? நிஜக் காரை நேர் விகிதத்தில் சுருக்கினால் கூரை கொஞ்சம் உயரமாகத் தெரியும், அதனால் ஒரு முடி அளவு தாழ்த்துவார்கள் என்பது எனக்கும் தெரியும். அது கலைஞன் கண்ணால் செய்கிற திருத்தம், கைதட்டுவேன். வீல்பேஸை நீட்டுவது எந்தக் கலை?

அறிவுரைகள் வேறு. "ரெடிமேடாக உலோகத்தில் வார்த்த டைகாஸ்ட் மாடல் கிடைக்குமே, வாங்கி வையேன்." வாங்கி வைப்பதுதான் ஆசை என்றால் எனக்கு எதற்கு ரம்பமும் இடைவெளி அடைக்கும் புட்டிப் பசையும் உப்புத்தாளும்? "ரெசினில் யாரோ உடல் வார்த்துத் தருகிறார்களாம்." தருகிறார்கள், மூலத்திலிருந்து ஒரு நகல், நகலிலிருந்து இன்னொரு நகல், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் வளைந்து. கடைசியில் அதன் மேலும் 1/25 என்றுதான் எழுதியிருக்கும். "முப்பரிமாண அச்சில் எடு." எடுக்கலாம்தான். அந்தக் கோப்பைச் செய்தவர் ஏதோ வீடியோ கேமில் இருந்த உருவத்தை உருவி, கண்ணளவாக இழுத்துச் சரிசெய்து, "எந்த ஸ்கேலிலும் அச்சிடலாம்" என்று போட்டிருப்பார். எந்த ஸ்கேலிலும் தப்பாக அச்சிடலாம் என்பதை மட்டும் சொல்லமாட்டார்.

கான்செப்ட் கார் செய்பவர்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள். சாதாரணக் கார் என்றால் எங்காவது ஒரு பழைய வண்டி நின்றுகொண்டிருக்கும், போய் அளக்கலாம். கான்செப்ட் கார் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான், அதுவும் பல சமயம் உடைத்துப் போட்டிருப்பார்கள். கிறைஸ்லர் நோர்ஸ்மேன் கதை தெரியுமா? அதுவும் கியாவில் செய்ததுதான். அமெரிக்காவுக்குக் கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கப்பல் ஆண்ட்ரியா டோரியா. 1956 ஜூலையில் இன்னொரு கப்பல் மோதி, கிளம்பின கண்காட்சிக் கார் ஒரு கண்காட்சியைக்கூடப் பார்க்காமல் அட்லாண்டிக்கின் அடியில் போய்விட்டது. அதைச் செய்ய நினைப்பவனுக்குச் சில போட்டோக்களைத் தவிர ஒன்றும் கிடையாது. இப்படி அரைகுறை ஆதாரத்தை வைத்து மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கணக்குப் போடும் எங்களுக்குக் கையில் இருக்கும் ஒரே உறுதியான பிடி டோனர் கிட்டின் ஸ்கேல். அதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பெட்டியின் ஓரத்தில் மாடலின் வீல்பேஸை மில்லிமீட்டரில் போடுங்கள். ஒரு எண். குழந்தை விழுங்கிவிடும் என்ற எச்சரிக்கையை ஊரில் உள்ள மொழிகளிலெல்லாம் அச்சடிக்க இடம் இருக்கிறது. பசையும் பெயின்ட்டும் உள்ளே இல்லை என்று மூன்று பக்கத்திலும் சொல்ல இடம் இருக்கிறது. உள்ளே இருப்பது எவ்வளவு நீளம் என்று சொல்ல மட்டும் இடமில்லை. ஸ்கேலை நீங்கள் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், 1/25, 1/24, பஞ்சமி திதி, எதுவோ. வீல்பேஸைச் சொன்னால் வகுத்தல் கணக்கு எங்களுக்கே தெரியும்.

இப்போதைக்கு வேறு வழியில்லை. டிரான்ஸ்மிஷனுக்குப் பின்னால் சேஸிஸை அறுத்து, அதிலிருந்து 5.3 மில்லிமீட்டரை எடுத்து எறிந்துவிட்டு, உள்பக்கம் ஸ்டைரீன் பட்டை வைத்து ஒட்ட வேண்டும். டிரைவ் ஷாஃப்ட்டையும் எக்ஸாஸ்ட் குழாய்களையும் அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். இன்ஜின் போடப்போவதில்லை, பானட்டை மூடி ஒட்டிவிடுவேன். டயர்கள் வேறு கிட்டிலிருந்து வர வேண்டும், அந்தப் பெட்டியிலும் 1/25 என்றுதான் போட்டிருக்கிறது, காலிப்பரோடுதான் திறப்பேன். இதெல்லாம் முடிந்த பிறகு அந்த இரண்டு கண்ணாடிக் குமிழ்கள் இருக்கின்றன. சூப்பர் க்ளூவின் ஆவி பட்டாலே வெள்ளையாகப் பூத்துப்போகும் பாகத்தை, பசை இல்லாமல் நிற்காத விளிம்போடு வடிவமைத்த மகானுபாவரைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.