சிஜி சொதப்பினால் சென்னையைத் திட்டுகிற அண்ணனுக்கு

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இனி யாரும் அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். "காசை மிச்சம் பிடிக்க இந்தியாவுக்கு அனுப்பிட்டானுங்க, அதான் சிஜி இந்த லட்சணம்" என்று ஹாலிவுட் சூப்பர்ஹீரோ படங்களின் சிஜியை, அதாவது கணினியில் உருவாக்கும் காட்சிகளை, வைத்து அண்ணன் எழுதிய மகா விமர்சனம். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் பாதிப் பேர் நம்மூர்க்காரர்கள் என்பது கூடுதல் சிறப்பு.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். சூப்பர்ஹீரோ படத்தில் சிஜி கெட்டுப்போவது பெரும்பாலும் மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவரால் அல்ல. எடுக்கும்போதே முடிவு செய்யவேண்டியதை எல்லாம் "போஸ்ட்ல பாத்துக்கலாம்" என்று, படப்பிடிப்பு முடிந்தபின் செய்யும் வேலைக்குத் தள்ளிவிட்ட ஸ்டுடியோ மேலிடத்தால்.

சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் வருகிற வேலையில் நிறைய ரோட்டோ, பெயின்ட், மேட்ச்மூவ். பெயின்ட் என்றால் நடிகரைத் தூக்கிய கம்பியை அழிப்பது. மேட்ச்மூவ் என்றால் நிஜக் கேமரா எப்படி நகர்ந்ததோ அதை அப்படியே கணினிக்குள் திரும்பக் கட்டுவது. ரோட்டோதான் இருப்பதிலேயே பொறுமை கேட்கிற வேலை. 5 விநாடி ஷாட் என்றால் 120 ஃப்ரேம், அதாவது 120 தனித்தனிப் படம். பச்சைத் திரை இல்லாமல் எடுத்துவிட்டார்கள் என்றால் ஹீரோவின் உருவத்தைக் கையால் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். ஒரே கோடாகச் சுற்றி வர முடியாது. மேல்கை தனி, முன்கை தனி, ஒவ்வொரு விரலும் தனி, முதுகில் தொங்கிக் காற்றில் ஆடுகிற கேப் துணியின் மடிப்பு தனி. கை வேகமாக வீசும்போது ஓரம் மங்கும், அந்த மங்கலும் கோட்டில் வரவேண்டும். கோடு அரைப் பிக்சல் முன்பின் ஆடினால் ஓடவிடும்போது ஓரமெல்லாம் கொதிக்கிற மாதிரி தெரியும். மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார். மறுபடி 120 ஃப்ரேம்.

இந்த ஓரம் சரியில்லை என்று தியேட்டரில் யாராவது கத்திக் கேட்டிருக்கிறீர்களா? ஜனங்கள் "ஒட்டவெச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். அது ஓரத்தால் வருவதில்லை, வெளிச்சத்தால் வருவது. செட்டில் ஒவ்வொரு லைட்டிங்குக்கும் ஒருவர் ஒரு சாம்பல் நிற உருண்டையையும் ஒரு கண்ணாடி போலப் பளபளக்கிற உருண்டையையும் கேமரா முன் பிடித்துவிட்டுப் போவார். எந்தத் திசையிலிருந்து, என்ன நிறத்தில், எவ்வளவு வெளிச்சம் என்பதற்கான சாட்சி அது. அதை வைத்துத்தான் கணினியில் செய்த பின்னணிக்கும் அதே வெளிச்சம் தருவார்கள். ஆறு மாதம் கழித்து மேலிடம் "இது சாயங்காலம் நடக்கட்டும், நகரம் எரியட்டும்" என்றால் உருண்டை குப்பைக்குப் போகிறது. நடிகரின் முகத்தில் மேகமூட்டத்து வெளிச்சம், முதுகுக்குப் பின்னால் ஆரஞ்சு நெருப்பு. அதை எந்த ஊர்க்காரன் வந்து ஒட்டினாலும் ஒட்டாது. லண்டனில் செய்தாலும் ஒட்டாது அண்ணா.

"அப்போ மார்வெலோட 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' மட்டும் எப்படி நல்லா வந்தது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. காலப்பயணத்துக்கு எல்லோரும் போட்டிருந்த வெள்ளை உடை முழுக்க முழுக்க கணினி உடை. படமெடுத்தபோது டிசைனே முடிவாகவில்லை. பின்னால் வரைந்தார்கள், யாருக்கும் தெரியவில்லை. அதுதான் வினையே. ஒருமுறை தப்பித்தவர்கள் அதையே வேலை முறையாக்கிக்கொண்டார்கள்.

2023 'குவாண்டமேனியா' படத்தில் வரும் மோடாக் என்ற வில்லனை எடுத்துக்கொள்ளுங்கள். மனித முகத்தை இழுத்து அகலமாக்கிப் பெரிய மண்டையில் பொருத்தினார்கள். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கவேண்டும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அந்த இழுவையை நன்றாக ரெண்டர் செய்தால், அதாவது கணினியில் இறுதிப் படமாக்கினால், நன்றாக ரெண்டர் செய்த இழுவைதான் கிடைக்கும். வடிவமைப்பிலேயே தப்பு. அதற்கு ஓகே சொன்னவர் யாரோ, வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் யாரோ. அதே வருஷம் செப்டம்பரில் மார்வெலின் சொந்த விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவு) ஊழியர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் சங்கம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். சும்மா பொழுது போகாமலா?

'கேப்டன் அமெரிக்கா: பிரேவ் நியூ வேர்ல்ட்' இன்னொரு உதாரணம். நடிகர் ஜான்கார்லோ எஸ்போசிட்டோவின் வில்லன், படம் எடுத்து முடித்தபின் நடந்த ரீஷூட்டில் வந்து சேர்ந்தவர். அது தெரிந்தபின் பார்த்தால் படம் முழுக்கத் தையல் தெரிகிறது. சிவப்பு ஹல்க்கை மட்டும் குறை சொல்லமாட்டேன், அந்தச் செர்ரிப் பூக்களுக்கு நடுவே தோலின் கனம் சரியாக வந்திருந்தது. ஆனால் படத்தின் ஒரே ஆச்சரியத்தை டிரெய்லரிலும் போஸ்டரிலும் முன்கூட்டியே காட்டிவிட்டார்கள். அதையும் சென்னையில் இருக்கிற பையன்தான் செய்தானா?

"நீ மார்வெல் அடிமை, முட்டுக் கொடுக்கிறே." அப்படியென்றால் மேலே இரண்டு பத்தி எதற்கு எழுதினேன்? படிக்காமலே கமெண்ட் போடுவது என்று முடிவு செய்தவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை.

"கதையை முழுசா எழுதி முடிக்காம படம் எடுக்கமாட்டேன்னு டைரக்டர் ஜேம்ஸ் கன் சொன்னாரே, அப்புறம் ஏன் அவரோட சூப்பர்மேன்ல அந்தப் பாக்கெட் யூனிவர்ஸ்ங்கிற குட்டித் தனி உலகம் அப்படி இருந்தது?" இது கொஞ்சம் இடிக்கிற கேள்விதான். ஆன்டிபுரோட்டான் ஆறு வருகிற இடத்தில் எது மேலே எது கீழே என்றே எனக்குப் பிடிபடவில்லை. பறக்கும்போது அகல லென்ஸில் முகம் வீங்கித் தெரிவதும் பிடிக்கவில்லை. ஆனால் அது ரசனை. அவர் வேண்டும் என்று தீர்மானித்துச் செய்தது, எனக்குப் பிடிக்காமல் போனது. தீர்மானிக்காமல் விட்டதால் கெட்டதும் இதுவும் ஒன்றல்ல. அவ்வளவுதான், மேலே போகலாம்.

அதே படத்தில் ஒரு ராட்சத மிருகம் ஊரை மிதித்துக்கொண்டிருக்கும்போது சூப்பர்மேன் ஒரு அணிலைத் தூக்கி ஓரமாக விடுகிறான். முன்னோட்டம் பார்த்த சிலருக்கு அது பிடிக்கவில்லையாம், கன் பிடிவாதமாக வைத்துக்கொண்டார். 22.5 கோடி டாலர் படத்தில் எனக்கு மனதில் நிற்பது அந்த ஒரு விநாடி. நம்மூருக்கு வந்தபோது தணிக்கைக்காரர்கள் அணிலை விட்டுவிட்டு முத்தத்தில் 33 விநாடியைப் பிடுங்கினார்கள். நகரம் இரண்டாகப் பிளக்கலாம், உதடு மட்டும் சேரக்கூடாது. அதுவும் 13 வயதுக்கு மேல் என்று சான்று கொடுத்துவிட்டு! அதைப் பற்றி அண்ணன் ஒரு வரி எழுதியிருக்கிறாரா? தேடிப் பார்த்தேன், இல்லை.

இப்போது வசூல் புள்ளிகளுக்கு வருவார்கள். 'தண்டர்போல்ட்ஸ்' சுமார் 38 கோடி டாலரோடு நின்றது, ஆகவே குப்பை. 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' 130 கோடியைத் தாண்டியது, ஆகவே காவியம். இந்தக் கணக்குதான் எனக்கு வயிற்றெரிச்சல். பழைய முகங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கைதட்டல் வாங்குகிற படம் அது. நானும் தட்டினேன், மறுக்கவில்லை. வெளியே வந்து டீ குடிப்பதற்குள் மறந்தும் போனது. 'தண்டர்போல்ட்ஸ்' மறக்கவில்லை. தொடக்கத்தில் கோலாலம்பூர் மெர்டேகா 118 கட்டடத்தின் உச்சியிலிருந்து நாயகி ஃப்ளோரன்ஸ் ப்யூ நிஜமாகவே கம்பி கட்டிக்கொண்டு குதித்தார். 678 மீட்டர் கட்டடம். குதிப்பதற்கு முன் அந்த முகத்தில் இருக்கிற சலிப்பை பின்னணியைத் திரையில் ஓடவிடுகிற எந்த வால்யூம் சுவரின் முன்னாலும் எடுக்க முடியாது. முகத்தில் விழுவது மலேசியாவின் நிஜ வெயில், உருண்டைக்கே வேலையில்லை. வில்லனின் வேலை என்ன? தெருவில் நிற்கிற மனிதன் சட்டென்று தரையில் கரிய நிழலாகிப் போகிறான். வெடி இல்லை, தூள் இல்லை. முடிவில் குத்துச்சண்டையால் ஜெயிப்பதும் இல்லை, கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். மனச்சோர்வைப் பற்றி இவ்வளவு நேராகப் பேசிய படத்துக்கு ஸ்டுடியோ என்ன மரியாதை செய்தது? வெளியான சில நாளிலேயே போஸ்டரில் பெயரை மாற்றி, கடைசிக் காட்சியின் ரகசியத்தைத் தானே தெருவில் ஒட்டியது. சொந்த வீட்டுக்குத் தானே கொள்ளி.

'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' பாதி சந்தோஷம், பாதி ஏமாற்றம். அந்த 1960களின் நியூயார்க், உருண்டு வருகிற ரோபோ எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போலிருந்தது. அவர்கள் உலகத்துக்கு 828 என்று எண் வைத்தது, அந்தக் கதாபாத்திரங்களைப் படைத்தவர்களில் ஒருவரான ஜாக் கிர்பியின் பிறந்தநாள் ஆகஸ்ட் 28 (8/28) என்பதற்காக; அதைக் கண்டதும் கண் கலங்கியது, சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஆனால் நடிகர் ஜான் மால்கோவிச்சை வைத்துப் படமெடுத்துவிட்டு மொத்தமாக வெட்டினார்களே, எதற்கு? மறுபடியும் அதே வியாதி: முதலில் எடுப்போம், அப்புறம் முடிவு செய்வோம்.

முடிவு செய்தபின் எடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஹாலிவுட் போகவேண்டியதில்லை. ஏறத்தாழ 30 கோடி ரூபாயில் மலையாள சூப்பர்ஹீரோ படம் 'லோகா' வந்தது, சூப்பர்மேன் செலவு நம் கணக்கில் 1,900 கோடி ரூபாய்க்கு மேல். கேரள நாட்டார் கதையின் யட்சியான கள்ளியங்காட்டு நீலியை எங்கே காட்டுவது, எங்கே இருட்டில் விடுவது என்று தெரிந்து எடுத்திருந்தார்கள், பணத்தை அங்கங்கே மட்டும் கொட்டினார்கள். அதற்கும் முன்னால் 'மின்னல் முரளி'யில் டீக்கடையில் வேலை செய்கிற ஷிபுவாக நம் குரு சோமசுந்தரம். அவர் கண் கலங்கினதற்கு ரெண்டர் நேரம் பூஜ்யம்.

இதை எழுதினால் "கேரளா புராணம் பாட வந்துட்டான்" என்பார்கள். பாடுவேன். வேறு யாரைப் பாட? ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக நாற்காலிகளில் நடிகர்கள் பெயர் ஒட்டியிருப்பதை நேரலையில் காட்டினார்களே, அந்த 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே'யையா? நானும் உட்கார்ந்து பார்த்தேன் என்பது தனி அவமானம். 2026 டிசம்பர் 18க்கு டிக்கெட் எடுப்பதும் நிச்சயம். ராபர்ட் டௌனி முகமூடி போட்டுக்கொண்டு வில்லனாக வரும்போது கேப் ஓரம் கொதித்தால் அண்ணன் அன்றிரவே எழுதுவார் என்பதும் நிச்சயம்.

ஒன்றே ஒன்று. சூப்பர்மேனில் பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தபின் ஒரு குட்டிக் காட்சி வரும். அண்ணன் அதற்குள் பார்க்கிங்குக்கு ஓடியிருப்பார். இரண்டாகப் பிளந்த நகரத்தை மிஸ்டர் டெரிஃபிக் என்ற இன்னொரு ஹீரோ எப்பாடுபட்டோ ஒன்று சேர்த்திருப்பார். சூப்பர்மேன் ஒரு கட்டடத்தைக் காட்டி, அந்த விரிசலில் ரெண்டு பக்கமும் சரியா ஒட்டலையே என்பான். அந்த மனிதர் முறைத்துவிட்டு நடையைக் கட்டுவார். சூப்பர்மேனுக்கு உடனே உறைத்துவிடும், ஏன்டா சொன்னோம் என்று நின்றுகொண்டிருப்பான்.