ஏஎம்சி-ங்கற பேர்ல நடக்கற வசூல்

தண்ணியைச் சுத்தம் பண்ற ஆர்ஓ மிஷின் ரிப்பேர்னு கம்ப்ளைண்ட் போட்டா வாரக்கணக்குல ஆள் வர மாட்டாங்க. ஏஎம்சி, அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், முடிய ஒரு மாசம் இருக்கும்போதே "இன்னிக்கே ரினியூ பண்ணுங்க சார், டிஸ்கவுண்ட் இருக்கு"ன்னு தினம் போன் மட்டும் வந்துடும். ஆர்ஓ மிஷின் வச்சிருக்கற எந்த வீடும் இதுக்குத் தப்பல.

கடைசியா ஆள் வந்தாலும் என்ன நடக்குது? தண்ணி மெதுவா வருதுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள "மெம்பிரேன் போச்சு"ம்பாங்க, அதாவது உப்பை வடிகட்டற சவ்வு. வெளியில மாட்டியிருக்கற 10 இன்ச் ஸ்பன் ஃபில்டர் செம்மண் கலர்ல அடைச்சுக் கிடக்கும், அதைக் கழட்டிக்கூடப் பார்க்க மாட்டாங்க. காசு கட்டியாச்சேன்னு கேட்டா, "இது சாதா ஏஎம்சி, விசிட் மட்டும்தான் ஃப்ரீ." பார்ட்ஸும் சேர்த்த பிளான் போட்டவங்களுக்கு வேற பதில்: பிளான்ல பம்ப் வராது, அடாப்டர் வராது, வெளி ஃபில்டர் வரவே வராது. தயங்கினா, கரண்ட்ல ஓடற, ரெண்டு கம்பி வச்ச டப்பாவை எடுத்துக் குழாய்த் தண்ணிக்குள்ள விடுவாங்க. தண்ணி பழுப்பாகும், ஆர்ஓ தண்ணியில விட்டா தெளிவாவே இருக்கும். "இதைத்தான் குழந்தைங்க குடிக்கறாங்க"ம்பாங்க. பச்சைப் பொய். கரையறது இரும்புக் கம்பி. ஆர்ஓ தண்ணியில உப்பு கம்மி, கரண்ட் சரியாப் பாயாது, அதனால தெளிவா நிக்குது. அதுலயே ரெண்டு சிட்டிகை உப்பு போட்டு விடச் சொல்லுங்க, அதுவும் பழுக்கும்.

தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி வீட்டுல வச்சுக்கங்க. சுத்தமான தண்ணியில கொஞ்சம் குழாய்த் தண்ணியைக் கலக்கற டிடிஎஸ் கன்ட்ரோலரை மூடிட்டு உள்ள போற தண்ணியையும் வெளிய வர்றதையும் அளங்க. 1000 போய் 100-க்குள்ள வந்தா மெம்பிரேன் உப்பை நல்லாத்தான் பிடிக்குது. வேகம் மட்டும் குறைஞ்சிருந்தா முதல்ல ஸ்பன், அடுத்து கார்பன் ஃபில்டர், அப்புறம் பம்ப் பிரஷர்னு பாருங்க. மெம்பிரேன்ல உப்பு படிஞ்சிருக்கான்னு பாக்கறது அதுக்கும் பின்னாடிதான். வேகம் குறையாம டிடிஎஸ் மட்டும் ஏறினா, அப்போ மெம்பிரேனை மாத்தலாம். தண்ணி சரியா வந்து, மீட்டர்லயும் பார்த்த பிறகுதான், வேலை முடிஞ்சதுன்னு சர்வீஸ் ஆள் கேக்கற ஓடிபி-யைக் கொடுக்கணும். முன்னாடியே கொடுத்தா கம்ப்ளைண்ட் க்ளோஸ், திரும்பப் புதுசாப் பதியணும்.

பொருளோட சர்வீஸையும் சேர்த்து விக்கறதுல தப்பே இல்ல. 1962-லயே பிரிஸ்டல் சிட்லி கம்பெனி வைப்பர் விமான எஞ்சினுக்கு, பறக்கற மணிக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிச்சு. பழுது பாக்கறது, பார்ட் மாத்தறது எல்லாம் அவங்க செலவு. எஞ்சின் அடிக்கடி படுத்தா நஷ்டம் அவங்களுக்கு. இங்க மிஷின் படுத்தாத்தான் கம்பெனிக்கு லாபம். வீட்டுக்கு வர்ற பையனுக்கும் ஏஎம்சி வித்தா இன்சென்டிவ். ஃபில்டர் சீக்கிரம் போனா அவங்களுக்கென்ன கவலை?

கம்பெனிக்காரங்க சரியாப் பேச மாட்டேங்கறாங்கன்னா 1915-க்கு அடிங்க, அது தேசிய நுகர்வோர் உதவி எண். பில்லு, ஏஎம்சி நம்பர், டிடிஎஸ் அளவு மூணும் கையில இருக்கட்டும்.

இதுல இன்னொரு கொடுமை. டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ இருக்கற இடத்துல ஆர்ஓ-வைத் தடை பண்ணச் சொல்லி 2019-லயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. விக்கறதுக்கு முன்னாடி நம்ம வீட்டுத் தண்ணியை எவனாவது அளந்து பார்த்தானா? ஒரு லிட்டர் குடிக்க ரெண்டு மூணு லிட்டர் சாக்கடைக்குப் போகுது. கோடையில லாரித் தண்ணி வாங்கற ஊருங்க இது!